சூட்டுத் தழும்பு

தனத்துக்கு வாய் ஜாஸ்தி. அடி அண்ணாமலை கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அவள் மோர்ப் பானையோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்துக் கடைக்காரன் தன் பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்வான். அப்படிப்பட்டவள், வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு நின்றாள் என்றால் யார் நம்புவார்கள்? இன்றைக்கும் ஊர் நம்பவில்லை.

வீட்டில் ரெண்டு கறவை மாடு. பாலில் பாதி ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடைக்குப் போகும், மீதி தெருவுக்கு. கணவன் இராமலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆசிரமத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. முன்னொரு காலத்தில் வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிட்டு, கேஸு கோர்ட்டு என்று அலைந்து சீரழிந்து, இப்போதுதான் ஓய்ந்திருந்தான். தனத்தின் வாய்க்கு உலகத்தில் ஒரு பூட்டு உண்டென்றால் அது அந்த மண்வெட்டிதான்.

காலையில் பால் கறந்து முடித்ததும் மாட்டின் காதுக்குள், வாலடியில், மடிக்குப் பின்னால் எல்லாம் விரலை விட்டுத் தடவி உண்ணி பிடுங்குவாள். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் டீசல், புருஷன் ஆட்டோவிலிருந்து எடுத்தது. பிடுங்கிப் பிடுங்கி அதில் போடுவாள். ரத்தம் குடித்துப் பெருத்தது புளியங்கொட்டை மாதிரி இருக்கும், குடிக்காதது எள்ளு மாதிரி இருக்கும். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், வாய் அதுபாட்டுக்குத் தெருவில் போகிறவர்களை விசாரிக்கும். மாடு இருந்தால் உண்ணி இருக்கும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி.

ஒரே மகள் கீர்த்தனா. பிளஸ் டூ முடித்த கையோடு, காலேஜு வேண்டாம், பட்டாளத்துக்குத்தான் போவேன் என்று அடம் பிடித்தாள். ராணுவ போலீசில் பெண்களை எடுக்கிறார்களாம். தனம் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மகள் விடிகாலையில் மலையைச் சுத்தி ஓடுவதை நாலு பேர் நின்று பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், மோர் வாங்க வருகிறவனிடமெல்லாம் எம்பொண்ணு துப்பாக்கி புடிக்கப் போறா, கடன் சொன்னா சுட்டுப்புடுவா என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பயிற்சி கொடுத்தது முருகவேல். அவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர். ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம், காட்டு வேலியை ஒட்டின பொட்டலில், ராணுவத்துக்குப் போக ஆசைப்படுகிற பையன்களைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். கீர்த்தனாவோடு ஆறு பெண்கள். மனுஷர் பெண்பிள்ளைகளிடம் பேசும்போது அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற மலையைப் பார்த்துத்தான் பேசுவார். அவ்வளவு கூச்சம்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, காட்டோரம் இடுப்பளவு புல் மண்டிக் கிடந்தது. மான்கள் படுத்து எழுந்திருக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் முருகவேல் பிள்ளைகளை அங்கேதான் இட்டுக்கொண்டு போவார். முழங்கையை ஊன்றிப் புல்லுக்குள் ஊர்ந்து போகணும், புதருக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கணும். முடிந்ததும் பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளையும் முதுகையும் ஒருத்தனுக்கொருத்தன் பார்த்துக்கொள்ளச் சொல்வார். பெண்களிடம் மட்டும் மலையைப் பார்த்தபடி, வீட்டுக்குப் போய் சுடுதண்ணியில குளிச்சிட்டு அம்மாகிட்ட ஒடம்பக் காட்டுங்க என்பார். பதினெட்டு வயதுப் பெண் எந்த அம்மாவிடம் போய் உடம்பைக் காட்டுவாள்? கீர்த்தனா குளித்துவிட்டு, ஈரத் தலையோடு விழுந்து தூங்கிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த ஜுரம் என்று தனம் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கேட்கவில்லை. டவுனில் ஒரு கிளினிக்குக்கு இட்டுக்கொண்டு போனாள். டாக்டர் வயசானவர், நிதானமானவர். ரத்தம் எடுத்தார், டெங்கு இல்லை என்றார், பூச்சிகீச்சி கடிச்ச எடம், புண்ணு, கறுப்பா ஏதாச்சும் இருக்கா என்று கேட்டார். ரெண்டு பேரும் இல்லை என்றார்கள். அன்றைக்கு அது சத்தியமான பதில். அவர்களுக்குத் தெரியாது.

மாத்திரைக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. மறுநாள் காலை இராமலிங்கம் வண்டி எடுத்துக்கொண்டு போனபிறகு, தனம் கதவைச் சாத்திவிட்டு, ஈரத்துணியால் மகளின் உடம்பைத் துடைத்துவிட்டாள். கழுத்து, முதுகு, கை, கால். தொடையைத் துடைக்கும்போது, உள்பக்கத்தில், ரொம்ப மேலே, வட்டமாக ஒன்று தென்பட்டது. நடுவில் கருகல், சுத்திலும் செவசெவ என்று ஒரு வளையம். அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. எரிகிற சிகரெட்டை வைத்து அழுத்தினால் இப்படித்தான் இருக்கும். தெருவில் ஒரு குடிகாரன் பெண்டாட்டியின் கையில் இந்த மாதிரி மூன்றை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

துணி கையிலிருந்து நழுவிக் குண்டானில் விழுந்தது. வெளியே மாடு கத்தியதாம், பால் வாங்க வந்த பையன் கதவைத் தட்டினானாம், ஒன்றும் காதில் விழவில்லை. அந்த இடத்தில் சூடா? என் பொண்ணுக்கா?

மகளின் கன்னத்தைத் தட்டி எழுப்பிக் கேட்டாள். "யாருடி இது? இந்த எடத்துல யாரு சூடு வெச்சது?"

கீர்த்தனா பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்தாள். "எந்த எடம்? எனக்குத் தெரியாதும்மா."

தெரியாதாம்! நெருப்பை வைத்து அழுத்தினால் தெரியாமல் இருக்குமா? வலிக்கலியா என்று கேட்டால் வலியே இல்லை என்கிறாள். மறுபடி மறுபடி கேட்டாள், மறுபடி மறுபடி அதே பதில். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் அது நிஜமாக இருக்க முடியும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? மிரட்டி வைத்திருக்கிறான், அதனால்தான் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று தனம் முடிவு கட்டினாள். எவன்? வீட்டை விட்டால் கிரவுண்டு, கிரவுண்டை விட்டால் வீடு. அந்தப் பெண் வேறெங்கே போனாள்?

மகளின் போனைப் பிடுங்கி ஆஃப் பண்ணி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். புருஷனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். மூலையில் மண்வெட்டி சாத்தியிருந்தது. சொன்னால் இவன் ஜெயிலுக்குப் போவான், மகள் பெயர் நாறிப்போகும், நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான்? காய்ச்சல் முதலில் விடட்டும், அப்புறம் நானே அவனைக் கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தனம் தன் வாழ்நாளில் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலமே முருகவேல் வந்து நின்றார். சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைக்காமல், கூரைக்கு மேலே பார்த்தபடி பேசினார். பாப்பாவுக்குப் போன் போட்டால் போகவே இல்லை, வீட்டுக்காரம்மா ஊரில் இல்லை, அதனால் தானே வரவேண்டியதாகிவிட்டது என்று ஏதேதோ சொன்னார். தனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா ஒடம்புல, மறைவான எடத்துல, சூடு வெச்ச மாதிரி கறுப்பா ஏதாச்சும் இருக்குதாங்க?"

தனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. பெற்ற தகப்பனுக்குத் தெரியாது. இவனுக்கு எப்படித் தெரியும்? மறைவான இடம் என்கிறான், சூடு என்கிறான், கறுப்பு என்கிறான்! ஆழம் பார்க்க வந்திருக்கிறான், அம்மாக்காரி பார்த்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"ஒன்னும் இல்ல. எம்பொண்ணு ஒடம்பு சுத்தமா இருக்குது" என்றாள்.

முருகவேலின் முகம் அப்படியே இளகிப்போனது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்ப பயமில்லக்கா, ஜுரம் மட்டும் விடலன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க, இன்னும் மூணு வீடு இருக்குது நான் வரேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தனம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டிக்காமல் தப்பித்த திருடன் விடுகிற மூச்சு அது என்று அவளுக்குத் தோன்றியது. இனி சந்தேகமே இல்லை.

உண்மை என்னவென்றால், கூடப் பயிற்சி எடுத்த வளவன் என்ற பையனுக்கு அதே காய்ச்சல் வந்து, அவன் அக்குளில் இருந்த கறுப்புத் தழும்பைப் பார்த்து இது உண்ணிக் காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முருகவேல் உடனே பிள்ளைகள் எல்லாருடைய போனுக்கும் வாட்ஸப்பில் விவரமாகப் பேசி அனுப்பிவிட்டார். கீர்த்தனாவின் போன் அரிசிக்குள் கிடந்தது. அவளும் அதைக் கேட்டிருப்பாள், அப்புறம்தான் போன் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் தழும்பை மட்டும் விசாரிக்க வீடு வீடாகக் கிளம்பியிருந்தார்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. திரும்பவும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தியே கேட்டார். நர்சம்மாவை வைத்துத் திரை போட்டு ஒரு தடவை பார்த்துவிடலாமா என்றார். தனம் மகளின் முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றாள். நானே குளிப்பாட்டினேன் சார், தலையிலேர்ந்து கால்வரைக்கும் பாத்துட்டேன், ஒன்னுமில்ல என்றாள். நர்சு பார்த்தால் டாக்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரிந்தால் போலீசுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரிந்தால் பக்கத்தில் நிற்கிற இராமலிங்கத்துக்குத் தெரியும். பெற்றவள் சொல்கிறாள், டாக்டர் என்ன செய்வார்? வேற மாத்திரை எழுதிக் கொடுத்து, மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மூச்சு வாங்கியது. கீர்த்தனா அம்மாவைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் தனம் வாசலுக்கு ஓடிப் புருஷனைக் கூப்பிட்டாள். மலை சுத்தி ஓடின பெண், தன் கையால் பால் குடித்து வளர்ந்த பெண், தன்னை யாரென்று கேட்கிறது. இராமலிங்கம் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தான். கிரிவலப் பாதையில் வெள்ளைக்காரர்கள் ரெண்டு பேர் ஒதுங்கி நின்று கைகூப்பினார்கள். தனம் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாமலையாரே அண்ணாமலையாரே என்று புலம்பிக்கொண்டே போனாள்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பத்மஜா என்ற டாக்டர், சின்ன வயசுப் பெண், ஆக்ஸிஜனை மாட்டச் சொல்லிவிட்டு, வெளியே வந்து தனத்திடம் மளமளவென்று விசாரித்தாள். எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன மாத்திரை, எங்கேயாவது கடி, புண், தழும்பு? தனத்தின் உதடு அசைந்தது. பக்கத்தில் இராமலிங்கம் நின்றுகொண்டிருந்தான்.

"இல்லைங்க" என்றாள்.

மூன்றாவது தடவை. டாக்டர் உள்ளே திரும்பினாள். அந்த நேரத்தில்தான் நடைக்கோடியிலிருந்து முருகவேல் வேகவேகமாக வந்தார். வளவனைப் பார்க்க வந்தவர், கீர்த்தனாவை ஸ்ட்ரெச்சரில் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். கையில் பிளாஸ்க்கு. அக்கா, பாப்பாவுக்கு இன்னா ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், தனத்துக்குள்ளே அத்தனை நாள் அடைத்துக்கிடந்தது உடைந்துவிட்டது. குனிந்தாள், காலில் இருந்ததைக் கழற்றினாள், அவர் கன்னத்தில் ஓங்கி அடித்தாள். நடை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"கேக்குறியா? எம்பொண்ணு தொடையில சூடு வெச்ச பாவி, இன்னா ஆச்சுன்னு நீ கேக்குறியா?"

பிளாஸ்க்கு விழுந்து உருண்டது. டோக்கனுக்கு நின்றவர்கள், தூக்குவாளியோடு போனவர்கள், எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. ரெண்டாவது அடியும் விழுந்தது. இராமலிங்கத்துக்கு அவள் சொன்னது மண்டையில் ஏற ஒரு நொடி ஆனது. ஏறியதும் பாய்ந்து முருகவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

இப்போது நடந்ததைத்தான் தனம் சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். அடி வாங்கின முருகவேல் கையை ஓங்கவில்லை, நான் இல்லை என்று சொல்லவில்லை. கழுத்து நெரிபட, முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே போன டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"மேடம், இருக்குது மேடம்! இந்தப் பொண்ணுக்கும் அந்தத் தழும்பு இருக்குது! தொடையில பாருங்க மேடம்!"

அந்தக் குரலில் கோபம் இல்லை. காணாமல்போன பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டவன் குரல் அது. கன்னத்தில் செருப்பின் அச்சு சிவந்துகொண்டிருந்தது.

பத்மஜா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்தாள். திரும்பி உள்ளே ஓடினாள். திரை இழுக்கிற சத்தம் கேட்டது. ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லிச் சீக்கிரம் சீக்கிரம் என்றாள். யாரோ குடுகுடுவென்று ஓடினார்கள். அப்புறம் வெளியே வந்து தனத்தின் எதிரில் நின்றாள்.

"அம்மா, அது சூடு இல்ல. யாரும் ஒன்னும் பண்ணல. உண்ணி கடிச்ச எடம் அப்படித்தான் கருகிப் போவும், வலிக்காது, கடிபட்டவங்களுக்கே தெரியாது. அதப் பாத்தாத்தான் இன்ன காய்ச்சல்னு எங்களால சட்டுன்னு சொல்ல முடியும். நான் கேட்டேனேம்மா."

"உண்ணியா?" என்றாள் தனம். "மாட்டு உண்ணியா?"

அந்த ஜாதிதான், புல்லுல இருந்து ஏறியிருக்கும் என்றாள் டாக்டர். ஆரம்பத்திலேயே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சரியாப் போயிருக்கும், இப்ப நெஞ்சுல எறங்கிடுச்சு, பாக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைக் கீழே போடணும் என்றுகூடத் தோன்றவில்லை. தினமும் நூறு உண்ணியைப் பிடுங்கிப் போடுகிற கை அது. விடியற்காலையில்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்த கை. இராமலிங்கத்தின் பிடி இன்னும் முருகவேலின் சட்டையில் இருந்தது, அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். முருகவேல்தான் அவன் விரலை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டார். விலக்கிவிட்டு, குனிந்து பிளாஸ்க்கை எடுத்து, ஆட்டிப் பார்த்து, உள்ளே கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதும் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அவர் அன்றைக்குப் போகவில்லை. எதிர்ச்சுவர் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தனம் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு தடவை அவரே, யாரிடமோ சொல்கிற மாதிரி, வளவன் தேறிட்டான், காலையில இட்லி துன்னான் என்றார். தனத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இருக்குது என்று ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் வந்து கேட்டபோது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், கிளினிக்கில் சொல்லியிருந்தால், என் பிள்ளையும் இந்நேரம் இட்லி தின்றுகொண்டிருக்கும். இதையே நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கீர்த்தனா பிழைத்தாள். சட்டென்று இல்லை. குழாயோடு கிடந்தாள், ஒரு நாள் நம்பிக்கை இல்லை என்கிற மாதிரி பேசினார்கள், அடுத்த நாள் பரவாயில்லை என்றார்கள். ஒருவழியாகக் கண்ணைத் திறந்து, அம்மா, தண்ணி என்றாள். தனம் அந்த அம்மா என்கிற சொல்லுக்கு ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் தரையில் விழுந்து மலை இருக்கிற திசையைக் கும்பிட்டாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மகள் கேட்டது, சார் வந்தாரா, தேர்வுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்குது என்பதுதான். தனம் கஞ்சியை ஆற்றினாள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? கீர்த்தனா கண் திறப்பதற்குள் அந்த வீடியோ டவுன் முழுக்கச் சுத்தி முடித்திருந்தது. செருப்பு ஓங்குகிறது, அடி விழுகிறது, சூடு வெச்ச பாவி என்று தனத்தின் குரல் கணீரென்று கேட்கிறது. அதோடு முடிந்துவிடுகிறது. மேடம் இருக்குது என்று அவர் கத்தியதும், டாக்டர் வந்து சொன்னதும் அதில் இல்லை. யாருக்கு வேண்டும் அது? காபிக் கடையில் பால் ஊற்றப் போனால் கடைக்காரனே போனை நீட்டி, அக்கா சரியாத்தான் போட்டீங்க என்றான். தனம் தன் குரலைக் கேட்கமாட்டாமல் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

மற்ற ஐந்து பெண்களையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தனம் ஒவ்வொரு வீடாகப் போய் உண்ணிதான், சத்தியமாக உண்ணிதான், டாக்டரே சொன்னாங்க என்று கெஞ்சினாள். அவர்கள் எல்லாரும் முருகவேலின் வாட்ஸப்பைக் கேட்டவர்கள்தான். அப்படியிருந்தும், அதுக்குத்தான் முன்கூட்டியே வீடு வீடா வந்து மறைவான எடத்துல இருக்குதான்னு கேட்டானா என்றார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். ஆராயி, ஒரு பெண்ணின் அம்மா, தனத்துக்கு நெருங்கின சிநேகிதி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணி கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சன்னமாகச் சொன்னாள்.

"கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு வீட்ல இருக்குது. நீ இப்படித்தான் சொல்லியாவணும் தனம். நானா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

தனம் தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வந்தாள். அவளுடைய சொந்த யோசனையையே எடுத்து அவள் முகத்தில் வீசின மாதிரி இருந்தது.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனாள். மகள் பாதியாக இளைத்திருந்தாள், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியிருந்தது, ஆனாலும் ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். காட்டோரப் புல்லையெல்லாம் செதுக்கி எரித்திருந்தார்கள். மண்ணில் கருகல் வட்டம் வட்டமாக இருந்தது. பையன்கள் நாலு பேர்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதில் வளவனும் ஒருத்தன். முருகவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பாப்பா உட்காரட்டும் என்றார். அப்புறம் மலையைப் பார்த்தபடி, பெண்கள் பேட்சை மூடிவிட்டேன் என்றார். கீர்த்தனா ஒருத்தியையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தனம் மன்றாடினாள், தினமும் நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். கோபமே இல்லாமல், இனிமே பொம்பளப் புள்ளைங்களுக்கு என்னால சொல்லிக்குடுக்க முடியாதுக்கா என்றார். கீர்த்தனா ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனம் தாங்கமாட்டாமல் அவர் காலில் விழப் போனாள். முருகவேல் தீயை மிதித்தவர் போல ரெண்டடி பின்னால் துள்ளினார். கை ரெண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"தொடாதீங்கக்கா. யாராச்சும் பாப்பாங்க."

அவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். ராணுவத்தில் எத்தனையோ வருஷம் துப்பாக்கிக்கு எதிரில் நின்றவர். அவரை ஒரு பொம்பளை கைபட்டால் நடுங்குகிறவராக ஆக்கிவிட்டது யார்?

ரோட்டில் போன ரெண்டு பேர் அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். தனம் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"எடுக்குறியா? நல்லா எடு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இவர அடிச்சவ நான்தான். இவரு ஒரு தப்பும் பண்ணல. எம்பொண்ணக் கடிச்சது உண்ணி. அத மறைச்சு வெச்சு அவளச் சாகக் குடுக்க இருந்தது நான். எடுத்துக்கினியா? இத ஊரு முழுக்க அனுப்பு."

அவன் போனை இறக்கினான். முன்னால் இருந்தவனைப் பார்த்தான். ஒன்னுமில்லடா, போலாம் வா என்றான் முன்னால் இருந்தவன். வண்டி கிளம்பிப் போனது.

தனம் ரோட்டின் நடுவில் நின்று, போகிற வண்டியைப் பார்த்து, நில்லுங்கடா, எடுத்துக்கினு போங்கடா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.